ஃபிரான்சைஸ் கடைக்காரர் உள்ளூர் விளம்பரத்துக்கு ஏன் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?

ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரில் கடை நடத்துபவர்தான் ஃபிரான்சைஸ் கடைக்காரர். அவர் விற்பனையில் இத்தனை சதவீதத்தைத் தன் ஊர் விளம்பரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். 2 சதவீதம் என்றால், 5 லட்சம் விற்ற மாதத்தில் 10,000 ரூபாய். பெரும்பாலும் லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் கணக்கு. நஷ்டப்பட்ட மாதத்திலும் உண்டு. அதுதான் வலிக்கும்.

டிவி விளம்பரம் பிராண்டைச் சொல்லும். கடலூரில் கடை திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பதை, பேப்பருக்குள் வைத்து வரும் நோட்டீஸும் ஆட்டோவின் பின்னால் ஒட்டிய போஸ்டரும்தான் சொல்லும். மாசி மகத்துக்கு ஊர் வரி கொடுத்த பிறகும், நம் தெருவில் மோர்ப்பந்தல் போட்டால் அது நம் செலவுதானே, அப்படி. பில்லைப் பத்திரமாக வையுங்கள், கம்பெனியில் கேட்பார்கள்.

கம்பெனிக்குக் கட்டும் பொது விளம்பர நிதியிலேயே இது அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஒப்பந்தங்களில் இரண்டும் தனித்தனி.