வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகளோடு குற்றாலம் போகலாமா? எந்த மாதம் நல்லது?

தாராளமாகப் போகலாம். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் காலம். ஆனால் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காகக் குளிக்க விட்டுவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடைதான். அதனால் ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி திட்டம் போடாதீர்கள், குறைந்தது ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

நாங்கள் ஆடி மாதம் மாமியார், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் எல்லோருமாகப் போனோம். தென்காசியில் இறங்கும்போது நல்ல வெயில், பேரருவிக்குப் போனால் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். கொழுந்தனாருக்கு வந்ததே கோபம், "வெயில் அடிக்குது, எதுக்கு சார் தடை?" என்று அங்கே நின்ற போலீஸ்காரரிடம் எகிறினார். விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டியிருந்த அந்த மனுஷன், "இங்க அடிக்கிற வெயில் மலைக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் போய்ச் சேர்ந்தான். அது சீசன்கூட இல்லை. மேலே மழை பெய்தால் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தடை போட்டால் வாக்குவாதம் பண்ணாமல் ஒதுங்கி நின்று வேடிக்கை பாருங்கள். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

சாயங்காலம் ஐந்தருவியில் விட்டார்கள். முட்டி வலி என்று பஸ்ஸில் ஏறவே யோசிக்கிற அத்தை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தவர் வரவே இல்லை. கொண்டை அவிழ்ந்து முகம் முழுக்க முடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ கத்துகிறார், அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கூட்டிப் போ என்கிறாரோ என்று பதறி அவர் மகள் கையைப் பிடித்து இழுத்தால், "இன்னும் கொஞ்ச நேரம்டி!" என்று திட்டு விழுந்தது.

இதையெல்லாம் நான் எங்கிருந்து பார்த்தேன் என்றால், பைகளுக்குப் பக்கத்திலிருந்து. எந்த ஊருக்குப் போனாலும் செல்போன், பர்ஸ், ஈரத்துணி, செருப்பு எல்லாம் என் மடியில்தான். ஆண்கள் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டி, "ஒரு தடவை போயிட்டு வந்துடறோம்" என்று மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். என் முறை வரும்போது பெண்கள் பக்கம் நெருக்கியடிக்கும், கூடவே "சீக்கிரம் வா, இருட்டிருச்சு" என்று குரல் வேறு. என் வீட்டுக்காரர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுற்றுலா என்று வந்துவிட்டால் மட்டும் பை காக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் வராது. கல்யாண வீட்டிலும் இதே கதைதான், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு கைக்குழந்தையை வாங்கிக்கொள்வது யார் என்று நினைக்கிறீர்கள்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளுக்குப் புலியருவி தோது, தண்ணீர் அவ்வளவு வேகமாக விழாது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். அப்புறம், பை யாரிடம் எவ்வளவு நேரம் என்பதை ரயில் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.