பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டில் இளம் மிஷனரியாக இருந்தவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

காலையில் பாத்திரம் கழுவினேன். பத்து மணியிலிருந்து மதியம் வரை போன் பேசினேன். மாலையில் கேமரா பிடித்தேன். கேள்வி கேட்டவர் இதைவிடப் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் 2020 மார்ச் முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நான் செய்த மிஷனரிப் பணி பெரும்பாலும் இவ்வளவுதான்.

நான் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் படிப்புக்கு நடுவே குருமாணவர்களை இரண்டு ஆண்டு களப்பணிக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது பிலிப்பைன்ஸ். மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில், ஆற்றங்கரையில் ஒரு பங்கு, அதாவது ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த கத்தோலிக்க மக்களும். 2019 கடைசியில் போய் இறங்கியபோது எனக்கு 24 வயது. தகலோக் மொழி வகுப்பில் சேர்ந்து, 'இது என்ன, அது எங்கே' என்ற கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் மணிலா இருக்கும் லூசோன் தீவு முழுவதையும் மூடிவிட்டார்கள். மார்ச் 17. ஜீப்னி என்ற சிற்றுந்து நின்றது, பைக்கில் பக்கவாட்டு இருக்கை மாட்டிய டிரைசைக்கிள் நின்றது, ஐந்தரைக் கோடிக்கும் அதிகமானோர் வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

பங்கு இல்லத்தில் நாங்கள் ஐந்து பேர். மற்ற நால்வரில் மிக இளையவருக்கே 63 வயது. வீட்டுக்கு ஒரு வெளியேறும் அட்டைதான் தருவார்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் 60ஐத் தாண்டியவர்களும் வெளியே வரக் கூடாது என்ற விதி வேறு. ஆக, சட்டப்படி தெருவில் கால் வைக்கத் தகுதியுள்ள ஒரே ஆள், அந்த ஊரில் யாரிடமும் ஒழுங்காக இரண்டு வாக்கியம் பேசத் தெரியாத நான்தான். அரிசி, மருந்து, பங்குத்தந்தையின் மூட்டுவலித் தைலம் எல்லாம் என் தலையில். முதல் வாரம் சோயா சாஸ் என்று நினைத்து மீன் சாற்றை வாங்கி வந்தேன். அதைக் கண்டுபிடிக்க யாரும் ருசி பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூடியைத் திறந்ததே போதும்.

திருப்பலி, அதாவது கோவில் பூசை, பேஸ்புக்குக்கு மாறியது. பாட்டுப் புத்தகங்களை ஏழெட்டாக அடுக்கி, அதன்மேல் என் போனைச் சாய்த்து வைத்து, காலியான பெஞ்சுகளுக்கு நடுவே குந்திக்கொண்டிருப்பேன். முதல் ஞாயிறு, மிக உருக்கமான இடத்தில், "ப்ரதர், ஃபாதரின் தலை தெரியவில்லை" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதினார். அடுத்த நொடி அதற்குக் கீழே நாற்பது ஆமென். தலை தெரியாததற்கா மறையுரைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியாக நின்று செபித்தபோது எங்களுக்கு நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. லுங்கியும் அரைக்கால் சட்டையுமாக ஐந்து பேரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தார்.

குருத்து ஞாயிறு அன்று அனுமதி வாங்கி ஒரு டிரைசைக்கிளை எடுத்தோம். பங்குத்தந்தை பக்கவாட்டு இருக்கையில், நான் தீர்த்த வாளியோடு பின்னால். குருத்தோலை விற்பவர்கள் தெருவுக்கு வர முடியாததால், மக்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். வாழை இலை, தொட்டிச் செடி, ஒரு வீட்டில் வெங்காயத் தாள். எல்லாவற்றின்மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனோம்.

ஆனால் என் உண்மையான வேலை போன்தான். தனியாக வாழும் முதியவர்கள் 43 பேரின் பட்டியலைப் பங்குத்தந்தை என்னிடம் கொடுத்தார். "தினமும் பத்துப் பேர். சாப்பிட்டார்களா, மருந்து இருக்கிறதா என்று கேள். உன் மொழியும் தேறும்." சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? பிலிப்பினோக்களும் அப்படித்தான் நலம் கேட்பார்கள். நம் 'ங்க' போல ஒரு மரியாதை ஒட்டும் அவர்களிடம் உண்டு, 'போ' என்று. இவ்வளவு சொந்தம் இருக்கும்போது என்ன பயம் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு முதல் லோலாவை அழைத்தேன். லோலா என்றால் பாட்டி.

"கினாயின் நா போ பா கயோ?"

மறுமுனையில் அமைதி. பிறகு ஒரு சிரிப்பு, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. "இல்லை, அனாக். இன்னும் யாரும் என்னைத் தின்னவில்லை" என்றார். அனாக் என்றால் பிள்ளை. 'குமாயின்' என்றிருந்தால் சாப்பிட்டீர்களா என்று பொருள். நான் சொன்னதற்கு, உங்களைத் தின்றாயிற்றா என்று பொருள். வினைச்சொல்லின் ஓரிரு எழுத்தை மாற்றி வைத்தால் உண்பவரே உணவாகிவிடுகிற மொழி அது.

அன்று முதல் அவரிடம் எனக்குப் பெயர் ப்ரதர் கினாயின். மரிக்கினா காலணிக்குப் பெயர்போன ஊர். இளவயதில் அவர் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுத்தவர். மகள் வெளிநாட்டில் வேலை. பட்டியலில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் நான் அழைக்கும் முன்பே பாடத்தோடு காத்திருந்தார். "நேற்று 'போகிறேன்' என்பதைத் தப்பாகச் சொன்னாய்." வகுப்பில் கற்றதைவிட அதிகமாக அவரிடம்தான் கற்றேன். சேவை செய்யப் போனவன் யார், செய்தது யார் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாளும் இப்படி இருந்ததில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெறும் சலிப்பு. சாப்பாட்டுத் தட்டை ஊற வைத்துவிட்டுப் போகும் ஒரு பெரியவரோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன், ஒரே மேசையில் செபமாலை சொல்லிக்கொண்டே. பட்டியலில் 43 என்பது மெல்லக் குறைந்தது. அடக்கத்துக்குப் போக முடியாது, பெயரை அடிப்பது மட்டும் என் வேலை. 'ஊருக்குத் திரும்பாமல் நின்றாயே' என்று சிலர் இன்றும் பாராட்டுகிறார்கள். நிற்காமல் என்ன செய்வது, விமானமே இல்லை. அரிசிப் பையை நீட்டியபடி படம் எடுத்து அனுப்பச் சொன்ன நன்கொடையாளர்கள்மேல் அப்போது வந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை. பை வாங்குகிறவருக்கும் முகம் இருக்கிறது.

நவம்பர் 12 அன்று உலிசிஸ் புயலில் மரிக்கினா ஆற்றின் நீர்மட்டம் 22 மீட்டரைத் தொட்டது. 2009இல் ஒண்டோய் புயலின்போது ஏறியதைவிட அதிகம். ஒரு மீட்டர் இடைவெளி, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம், எல்லாம் ஒரே இரவில் பொருளற்றுப் போயின. கோவில் மண்டபத்தில் ஈரத் துணியோடு குடும்பம் குடும்பமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். லோலாவின் போன் இரண்டு நாள் எடுக்கப்படவில்லை. மூன்றாம் நாள் தங்கை வீட்டு மாடியிலிருந்து அவரே அழைத்தார். "என் தையல் மெஷினைப் பார்."

போய்ப் பார்த்தேன். சேறு முழங்காலுக்கு மேல். சாக்லேட் நிறம், சாக்கடை வாடை, மண்வெட்டியில் எடுத்தால் பாதி மறுபடி வழுக்கி விழும். மெஷினின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்துப்போட்டு, குழாய்த் தண்ணீரில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஊசிக்கு அடியில் இருந்த மண்ணை எடுத்தேன். சக்கரம் சுற்றியது, தையல் விழவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தைத்தான் அதுவரை பார்த்ததில்லை.

எத்தனை பேரை மனம் மாற்றினீர்கள் என்றும் சிலர் கேட்பார்கள். பிலிப்பைன்ஸின் செபூவில் முதல் திருமுழுக்கு, அதாவது கிறிஸ்தவராகும் சடங்கு, நடந்தது 1521 ஏப்ரல் 14. அந்த நாட்டுக்காரர்கள் என்னைவிட நன்றாகவே செபித்தார்கள். சரியாக 500 ஆண்டு கழித்து, 2021 ஏப்ரல் 14 அன்று, கெசோன் நகரத்தின் மகின்ஹாவா தெருவில் ஓர் இளம்பெண் மூங்கில் வண்டி ஒன்றில் காய்கறி வைத்து, 'முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுங்கள்' என்று அட்டை மாட்டினார். சில நாட்களில் நாடு முழுக்க அதைப்போல வண்டிகள் முளைத்தன. எங்கள் கோவில் வாசலிலும் ஒன்று. நான் செய்தது வெயிலில் கத்தரிக்காய் வாடாமல் அடிக்கடி இடம் மாற்றி வைத்தது.

அதே வாரங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை. ஏப்ரல் 29 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு பிலிப்பைன்ஸ் தடை போட்டது. போனால் திரும்ப முடியாது. பெரியப்பாவின் அடக்கத்தை போனில் பார்த்தேன். யாரோ அவசரமாகப் பிடித்ததால் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது. அன்று மாலை நேரலையில் என் கை நடுங்கியதை யாரும் கருத்தில் எழுதவில்லை.

2021 அக்டோபரில் என் களப்பணி முடிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் லோலாவின் வாசலில் நின்று, அவர்கள் வழக்கப்படி "தாவோ போ" என்று குரல் கொடுத்தேன். 'மனிதன் வந்திருக்கிறேன்' என்பது நேர்ப்பொருள். உள்ளிருந்து, "கினாயின்!" என்ற கத்தல். குட்டையான, தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பெரியவர்களின் புறங்கையை எடுத்து நம் நெற்றியில் வைப்பதை அங்கே மானோ என்பார்கள். பெருந்தொற்றில் அதுவும் நின்றுபோயிருந்தது. இருவரும் தடுப்பூசி போட்டாயிற்றே என்று "மானோ போ" என்று குனிந்தேன். அவர் கை என் முகத்துக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் கவசத்தில் 'டொக்' என்று முட்டியது. பிளாஸ்டிக்கை அவரே மேலே தூக்கினார், கையை நெற்றியில் அழுத்தி வைத்தார், எடுக்கவில்லை.

"குமாயின் கா நா பா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.