கிளட்ச் ஸ்லிப்: பிளேட்டுக்குக் காசு கொடுக்கும் முன்

ஆலந்தூர் வாசகர்: 150 சிசி பைக். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. மெக்கானிக் வண்டியைப் பார்த்த உடனே பிளேட் செட்டையே மாற்றணும் என்கிறார். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இது கிளட்ச் ஸ்லிப்தான், அதாவது கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது, ஆனால் ஸ்லிப் என்றாலே பிளேட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதலில் லீவரைப் பிடித்துப் பாருங்கள். கேபிள் இழுபடும் முன் லீவர் நுனி கொஞ்சம் லூசாக ஆட வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை; உங்கள் வண்டியின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக இருந்தால், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் வண்டி ஹாஃப் கிளட்சில்தான், அதாவது லீவரைப் பாதி பிடித்தது போலத்தான் ஓடுகிறது. அட்ஜஸ்டரைத் திருகுங்கள், செலவு கிடையாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, கேபிள் எங்காவது சிக்குகிறதா என்றும் பாருங்கள். அடுத்தது ஆயில், அது ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். பிளேட் கடைசியில்தான். அதைக் கழற்றும்போது ஸ்பிரிங்கையும் அளக்கச் சொல்லுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது பிளேட்டும் வழுக்கும்.

வேளச்சேரி வாசகர்: ஆன்லைன் தள்ளுபடியில் கார் இன்ஜின் ஆயில் வாங்கி பைக்கில் ஊற்றினேன். காருக்கே நல்லதென்றால் பைக்குக்கு இன்னும் நல்லதுதானே? இப்போது பிக்கப்பே இல்லை. ஆயில் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

எதற்கு? கார் ஆயில் என்றுதானே விற்றார்கள்! பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் அந்த இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு வேலை செய்கிறது. பல கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, உராய்வு போனால் கிளட்ச் எதைப் பிடிக்கும்? டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்று, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருப்பதை வடித்துவிட்டு மாற்றுங்கள். பிளேட் ஏற்கெனவே வெந்திருந்தால் அந்தச் செலவும் உங்களுடையதுதான்.

மயிலாப்பூர் வாசகி: என் ஸ்கூட்டரும் இப்படித்தான் இழுவையில்லாமல் கத்துகிறது. அந்த லீவர் அளவு எனக்கும் பொருந்துமா?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் லீவரே இல்லையே அம்மா, பெல்ட்டையும் ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: மெக்கானிக் "கம்பெனி பிளேட்" என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கினார். இரண்டே மாதத்தில் மறுபடி ஸ்லிப். கேட்டால் "நீ ஓட்டுற ஓட்டுக்கு" என்கிறார். பில் கிடையாது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். சிக்னலுக்கு சிக்னல் ஹாஃப் கிளட்சில் ஓட்டினால் பிளேட் தேயும், மறுக்கவில்லை. அதற்காக இரண்டு மாதமா? ஜிபே, வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள், பணம் கொடுத்ததற்கு அதுவும் ஆதாரம்தான். வேறு மெக்கானிக்கிடம் திறந்து படம் எடுத்து, அந்த பிளேட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் பழைய கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கும் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன், திட்டுவதாக நினைத்தாலும் சரி. புது பிளேட் டப்பாவை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் காசில் வாங்கிய பொருள். "அந்தக் குப்பை எதுக்கு சார்" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழையதைக் கையில் கொடுக்கிறவரால் மாற்றாத பிளேட்டுக்குப் பணம் கேட்க முடியாது. பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்று பயந்து நாமே வேண்டாம் என்கிறோமே, அந்த மிச்சம்தான் இப்படி 2,800 ஆகத் திரும்பி வருகிறது. டப்பாவில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பவே நம்பாதீர்கள், அப்படி நம்பிப் பாதி விலைக்கு நான் வாங்கிய ஒரு செட், கம்பெனி பெயரிலேயே எழுத்துப்பிழையோடு, இன்னும் பரணில் கிடக்கிறது.

தாம்பரம் வாசகர்: பழைய பைக் பார்க்கப் போகிறேன். கிளட்சை எப்படிச் சோதிப்பது?

இன்ஜின் சூடாகட்டும். காலியான சாலையில் டாப் கியரில் 40, 45-இல் போய் ஆக்சிலரேட்டரை நன்றாக முறுக்குங்கள். சத்தம் முன்னால் எகிறி வேகம் பின்னால் நிதானமாக வந்தால் ஸ்லிப், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெட்ரோல் இல்லை, காற்று இல்லை என்று ஓட்டிப் பார்க்க விடாமல் இழுத்தடித்தால் நடையைக் கட்டுங்கள்.