மூன்றாம் வகுப்புக் குழந்தை சொன்னதை யாரிடம் சொல்வது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொஞ்ச நாளாகப் பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். டியூஷனுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றாள். “அந்த அண்ணன் கதவைச் சாத்திட்டு எங்கெங்கயோ தொடுறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்” என்றாள். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். இவள் அப்பாயியிடம் வளர்கிறாள். டியூஷன் எடுக்கும் பையன் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தம். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய், “ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்” என்கிறார். சக ஆசிரியரோ, குழந்தையை இன்னொரு தடவை நன்றாக விசாரித்து உறுதி செய்துகொண்டு முடிவெடுப்போம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? நாளைக்குப் பொய் என்று ஆகிவிட்டால் என் வேலைக்கு ஆபத்தா?

பதில்: டீச்சர், உங்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்: 1098-ஐ அழையுங்கள், அல்லது நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். நாளைக் காலை பிரேயர் முடிந்த பிறகு அல்ல, இன்றே. இதே இக்கட்டில் இருக்கிற மற்ற ஆசிரியர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் உங்கள் சக ஆசிரியரின் யோசனை. நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நான் பார்த்த வரையில் வழக்குகள் நொறுங்குவது இந்த இடத்தில்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் இன்றைக்கு நீங்கள் கேட்கிறீர்கள், நாளைக்கு அவர் கேட்கிறார், அப்புறம் குழு உறுப்பினர், அப்புறம் அப்பாயி. ஒவ்வொரு தடவையும் பிள்ளை கொஞ்சம் வேறு மாதிரி சொல்லும். கிழமை மாறும், அறை மாறும், பயத்தில் “அப்படி ஒண்ணும் இல்ல” என்றுகூடச் சொல்லும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இவ்வளவு போதும். ஒன்று முரண்பாடு என்பார், இல்லாவிட்டால் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்பார். விசாரிப்பது காவல்துறையின் வேலை. காதில் விழுந்ததை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு உறுதி தேவையில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, தகவல் சொல்ல வேண்டும் என்கிறது.

குழந்தை உங்களிடம் சொல்லும் அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியமானது. கையில் இருக்கிற நோட்டை மூடிவிட்டு, அவள் உயரத்துக்கு உட்காருங்கள். “அப்புறம்?” “வேற ஏதாவது சொல்லணுமா?” இதற்கு மேல் கேள்வி வேண்டாம். “இங்க தொட்டானா, அங்க தொட்டானா” என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. “ஏன் முன்னாடியே சொல்லல?”, “நீ ஏன் உள்ள போன?” இரண்டும் கூடவே கூடாது. பெரியவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. பிள்ளைக்கோ தப்பு தன் பேரில் என்று கேட்கும். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் முயலுங்கள். டீச்சர் பயந்துவிட்டார் என்று தெரிந்தால் பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிடும்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றால்? சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: “நீ சொன்னது ரொம்ப நல்லதுடா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இதை நிறுத்துறதுக்குன்னே சில பேர் இருக்காங்க, அவங்ககிட்ட மட்டும் டீச்சர் சொல்லப் போறேன். கிளாஸ்ல யாருக்கும் தெரியாது.” அவ்வளவுதான். அவள் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அவள் சொன்ன வார்த்தைகளை அவள் சொன்னபடியே எழுதுங்கள். “எங்கெங்கயோ தொடுறாங்க” என்றால் அதையே எழுதுங்கள். நாகரிகமாக “தகாத முறையில் நடந்துகொண்டார்” என்று திருத்த வேண்டாம். தேதி, நேரம், இடம், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

அடுத்து, தகவல் எங்கே போகும்? 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வித் துறை உதவி எண். சட்டத்தின் கணக்கில் தகவல் சேர வேண்டிய இடம் காவல்துறை. ஆகவே உதவி எண்ணில் பேசியதோடு நிறுத்தாமல் மகளிர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவியுங்கள். தெரிவியுங்கள் என்கிறேன், அனுமதி கேளுங்கள் என்று சொல்லவில்லை. “மேலிடத்துக்குச் சொல்லிவிட்டேன், பதில் வரட்டும்” என்று காத்திருந்தால் சட்டம் ஏற்காது. தகவல் சொல்லாமல் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பள்ளியின் ஊழியராக இருந்து, பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை போகும்.

போலீஸ் என்றதும் ஜீப் வந்து பள்ளி வாசலில் நிற்கும், ஊரே கூடும் என்று பயப்படுகிறீர்கள். வழக்கு நடக்க வேண்டிய முறை அதுவல்ல. வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும். முடிந்த வரை உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். அது அப்பாயியாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமிக்கு மருத்துவப் பரிசோதனை பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள், குழந்தையின் பாதுகாப்பைக் கவனிக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். ஜீப்பில் வருகிறோம் என்று யாராவது சொன்னால் இதை நீங்கள் பணிவாக, ஆனால் விடாமல் நினைவுபடுத்தலாம். நினைவுபடுத்திய இடங்களில் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

பொய்யாகிவிட்டால் என்ற பயத்துக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் வராது என்று அதே 19-வது பிரிவே சொல்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். அது ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ திட்டமிட்டுக் கொடுப்பவருக்கு. குழந்தை தவறாகச் சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தண்டனை கிடையாது. உங்கள் வேலைக்கு ஆபத்து, சொன்னால் அல்ல, சொல்லாமல் விட்டால்தான்.

“ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்” என்பவரிடம் வாதாட வேண்டாம். எல்லைத் தகராறையும் வாய்க்கால் முறையையும் கோயில் வாசலில் பேசித் தீர்த்த பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மாணவியிடம் அத்துமீறியதாக ஆசிரியர் ஒருவர் மீது வழக்கு. பெண்ணின் அப்பாவே சமாதானமாகிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்ததை வைத்து உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, விசாரணை நடக்கட்டும் என்றது. பெற்றவரே சமரசம் பேசி முடிக்க முடியாததைக் குழு உறுப்பினர் எப்படி முடிப்பார்? “சார், இது என் கையில இல்ல, தெரிஞ்சும் சொல்லலன்னா நான் உள்ள போகணும்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறுமியைப் பற்றி எதையும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்காதீர்கள். வாட்ஸப் குழுவில் ஒரு எழுத்துகூட வேண்டாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ ஊரோ பள்ளியோ எந்த வடிவத்தில் வெளியே வந்தாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

டியூஷன் பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். “சின்னப் பையன், வாழ்க்கை வீணாகிவிடும்” என்று உங்களிடம் மன்றாடுவார்கள். அதை எடைபோடக் குழுமம் இருக்கிறது, நீங்கள் தேவையில்லை.

வீட்டுக்கு யார் சொல்வது என்று போனில் கேட்டீர்கள். புகார் கொடுத்த பிறகு, அதே நாளில், அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். அப்பாவிடம் முதலில் சொன்னால் ராத்திரி பஸ் பிடித்து வந்து அரிவாளோடு நிற்பார் என்று நீங்கள் சொன்னது மிகையில்லை. அப்படி ஒரு குடும்பம் ஜெயிலும் கோர்ட்டுமாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாயிக்கு விஷயத்தைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பிள்ளையை அடிக்கவோ, குளிப்பாட்டி விபூதி வைத்து “மறந்துடு” என்று சொல்லவோ வேண்டாம். டியூஷன் அன்றோடு நிற்க வேண்டும்.

இனி உங்கள் பள்ளி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதிலிருந்து, டெல்டாவில் பள்ளிப் பாதுகாப்பு என்றால் கூரை, சமையல் கூடம், படிக்கட்டு, தீயணைப்பான் என்று ஆகிவிட்டது. அதில் தப்பே இல்லை. ஆனால் பார்வையிட வருபவர்கள் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு, காலை ஏழே முக்காலுக்கு வந்துவிடும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில்லை. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் அம்மாக்கள் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுகிறார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளும் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சமைக்கும் அக்கா அடுப்படியில் இருப்பார், ஆசிரியர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். மாலையிலும் அதே கதை. இந்த இரண்டு இடைவெளியிலும் எந்தப் பெரியவர் எங்கே இருக்கிறார், கழிப்பறைப் பக்கம் யார் கண்ணில் படுகிறது, பின்பக்க அறைச் சாவி யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இதை அவர்களோடு பேசலாம், பேச வேண்டும். பிள்ளையை அழைத்துப் போக யார் யார் வரலாம் என்று வீட்டிலிருந்து பெயர் வாங்கி வையுங்கள். திருப்பூர், கோயம்புத்தூர் போன பெற்றோரின் போன் எண்ணைப் பருவத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள், சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கட்டும், அது பெரிய வகுப்புகளுக்கு உதவும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை புகார் எழுதிப் போடாது, வீட்டுக்குப் போகாமல் வராண்டாவில் உட்காரும். நீங்கள் ஏன் என்று கேட்டதால்தான் இது வெளியே வந்தது.

கடைசியாக ஒன்று. அம்மா ஊருக்கு வந்ததும் மாற்றுச் சான்றிதழ் கேட்கக்கூடும், மகளைத் திருப்பூருக்கே கூட்டிப் போக. கொடுக்க மறுக்காதீர்கள், அது அவர்கள் உரிமை. கொடுப்பதற்கு முன் புதிய முகவரியையும் போன் எண்ணையும் வாங்கி, விசாரணை அதிகாரிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்கு நடக்கும்போது அவளுக்குத் துணையாக இருக்கக் குழந்தைகள் நலக் குழு நியமித்தவர் அவளோடு தொடர்பில் இருக்க வேண்டும், நீதிமன்ற அழைப்பும் சரியான வாசலுக்குப் போக வேண்டும். சான்றிதழிலோ புதிய பள்ளிக்கு அனுப்பும் தாள்களிலோ காரணம் என்று எதையும் எழுத வேண்டாம். “பெற்றோர் இடமாற்றம்” போதும்.