மருத்துவமனையில் தொற்றிய நோய்க்குச் செலவு ஏன் இவ்வளவு கூடுகிறது?

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தும், மருத்துவமனைக்குள்ளேயே தொற்று வந்ததால் பில் ஏன் எகிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து விலை அதில் ஒரு பகுதிதான். பெரும்பணத்தை விழுங்குவது கூடுதலாகப் படுத்திருக்கும் நாட்கள். கழுத்து ரத்தக்குழாயில் செருகிய டியூப் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போட வேண்டும். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டும். நாட்கணக்கில் ஊசிமருந்து ஏற்ற வேண்டும். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி என்றால் விலை கூடிய மருந்துதான். வேலையை விட்டுவிட்டு வீட்டார் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் இழப்பு எந்த பில்லிலும் வராது. என் மனம் ஆறாதது இதில்தான்: கை சுத்தமும் பிற தடுப்பு முறைகளும் ஒழுங்காக இருந்தால் இத்தொற்றுகளில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.