சீரியல் கேபிளில் டிஸ்க் பகிர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடையின் பழைய 386 கணினியில் கணக்கு இருக்கிறது. 486-உடன் கேபிள் மாட்டி, ஒரு கணினியின் டிஸ்க்கை மற்றதிலிருந்து பார்க்க உதவும் டாஸ் நிரலான இன்டர்லிங்க்கைப் போட்டேன். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. (சாட்ஸ்வர்த்)

பத்தில் எட்டுத் தடவை கேபிள்தான் குற்றவாளி. மோடத்துக்கு வந்த கேபிளில் கம்பிகள் நேராகப் போகும். இரு கணினிகளை இணைக்க அவை குறுக்கே மாற வேண்டும். இரு பக்கமும் 9 பின் என்றால் 2-3, 3-2, 4-6, 6-4, 7-8, 8-7, 5-5. மொத்தம் 7 கம்பி. ஒரு பக்கம் 25 பின் என்றால் பலர் ஏமாறுகிறார்கள்: அதில் 2-2, 3-3 என்று நேராகத்தான் போகும், ஏனென்றால் 25 பின்னில் அந்த இரண்டின் வேலையே இடம் மாறியிருக்கிறது. 9-இன் 5, 25-இன் 7-க்குப் போகும், 7 போவது 5-க்கு, 8 போவது 4-க்கு, 4 போவது 6-க்கு, 6 போவது 20-க்கு.

9 பின் கேபிளைச் சோதிப்பது சுலபம். ஒரு முனையை ஓடும் கணினியில் செருகி, மறுமுனையைச் சும்மா விடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பை 5-இலும் சிவப்பை 2-இலும் வையுங்கள். மீட்டர் முனை ஓட்டைக்குள் நுழையாவிட்டால் ஒரு குண்டூசியை விட்டு அதைத் தொடுங்கள். பக்கத்து ஓட்டையில் முட்டாமல். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் காட்டினால் கேபிள் சரி. அது 3-இல் வந்தால் நேர்க்கேபிள், வேறு தேடுங்கள்.

கேபிள் சரியென்றால் 386-இல், டிஸ்க்கைப் பகிரும் பக்கத்துக்கான (சர்வர்) துணை நிரலான இன்டர்சர்வரை ஓட்டுங்கள். 486 தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் கடைசி வரியாக இன்டர்லிங்க் வரட்டும். முன்னால் வந்தால் மற்ற டிரைவ் எழுத்துகள் நகர்ந்துவிடும். பெயரில் 8 எழுத்துதான்: ஐ, என், டி, இ, ஆர், எல், என், கே.

386-இல் ஃபிளாப்பி வேலை செய்யவில்லை. நிரலையே எப்படி ஏற்றுவது? (ஃபீனிக்ஸ்)

கேபிள் வழியாகவே ஏற்றலாம். 486-இல் இன்டர்சர்வரை ஆர்காப்பி தேர்வோடு ஓட்டுங்கள். 386-இல் தட்ட வேண்டிய மோட், சிடிடிஒய் கட்டளைகளைத் திரையிலேயே சொல்லும். 3 கம்பிக் கேபிளில் இது நடக்காது, 7-உம் வேண்டும். 386-இல் மோட் நிரலும் இருக்க வேண்டும்.

சர்வரின் டி டிரைவ் தெரியவில்லை. மவுஸும் நின்றுவிட்டது. (டோங்காட்)

இன்டர்லிங்க் தானாகக் காட்டுவது 3 டிரைவ். ஏ, பி, சி-யோடு கணக்கு முடிந்துவிடுகிறது. டிரைவ்ஸ் தேர்வில் 4 என்று கொடுங்கள். மவுஸ் காம்1 என்ற சீரியல் போர்ட்டில் இருந்தால் இன்டர்லிங்க்கை காம்2-ஐ மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் போர்ட்டையும் துழாவும்.

20 எம்பி எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் லோட்ஷெட்டிங் வந்தால்? (லெனேசியா)

உச்ச வேகமான 115200 பாட்டில் நொடிக்கு 11,520 பைட்தான். அரை மணிக்குக் குறையாது. பழைய 8250 சிப் உள்ள போர்ட் அந்த வேகத்தில் பைட்டுகளைத் தவறவிடும், 38400-க்கு இறக்குங்கள். மின்சாரம் போகும்போது எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்து டிஸ்க்கில்தான் சேதம். ஆகவே பழைய கணினியைச் சர்வராக வைத்து, அதிலிருந்து படிக்க மட்டும் செய்யுங்கள். திரும்ப அதில் எழுத வேண்டாம். டீஃப்ராக், ஃபார்மட், செக்டிஸ்க் எதுவும் இணைப்பு வழியாக ஓடாது.

ஜோஹானஸ்பர்க் பக்கம் கோடை மாலை இடி வருமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரு சுவர் பிளக்குகளுக்கிடையே எர்த் வித்தியாசம் ஏறினால் முதலில் போவது சீரியல் போர்ட்டை ஓட்டும் 1488, 1489 சிப்கள்தான்.