வெப் அப்பை போனில் ஓடுகிற அப் ஆக்க எது நல்ல வழி?

கேட்ட தம்பி முல்லைத்தீவுப் பக்கம் பால் எடுக்கிற சங்கம் ஒன்றுக்கு வெப் அப் எழுதியிருக்கிறார். வெப்வியூவுக்குள் (அப்புக்குள் தளத்தைக் காட்டும் பெட்டி) தளத்தின் முகவரியைப் போட்டு ஏபிகே (அன்ட்ரொய்ட் போனில் நிறுவும் கோப்பு) ஆக்கினால் காணுமா என்று கேட்கிறார்.

காணாது தம்பி. நானும் கிளிநொச்சியில் இருந்து இதே வேலைதான் செய்கிறேன். ஏ9 றோட்டடியில் எல்லாம் ஓடும். காட்டுக்கரைக் கிராமங்களுக்குள் இறங்கினால் சிக்னல் வரும், போகும். விடியக் காலமை ஒருவர் பால் கானோடு நிற்கிறார். லீற்றரை அடித்து 'சேமி'யை அமத்தினால் வெள்ளைத் திரை. அந்தப் பதிவு போனால் அவருடைய காசு போகும். பெட்டிக்குள் போட்டதால் மட்டும் இது மாறாது.

அதனால் முதலில் சேர்விஸ் வேர்க்கர் எழுதுங்கோ, சிக்னல் இல்லாவிட்டாலும் தளத்தைத் திறக்க வைக்கும் சிறு நிரல் அது. திரைகள் போனிலேயே இருந்து திறக்க வேண்டும். பதிவு முதலில் பிரௌசருக்குள் இருக்கும் தரவுக் களஞ்சியமான இன்டெக்ஸ்ட்டிபியில் விழட்டும், சிக்னல் வந்ததும் சேர்வருக்குப் போகட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணை போனிலேயே கொடுங்கோ. சேர்வர் ஒரே எண்ணை இரண்டாம் தரம் ஏற்காமல் விட்டால், பாதியில் அறுந்து திரும்ப அனுப்பினாலும் ஒருவரின் பால் இரண்டு தரம் பதியாது. பிளைட் மோட்டில் போட்டுச் சோதித்துப் பாருங்கோ.

இது சரிவந்தால், வெப் தளத்தை அன்ட்ரொய்ட் அப் ஆக்கும் கருவியான பபிள்றாப் போதும். உங்கள் தளத்தைக் குறோமே முழுத்திரையில் காட்டும், அப் மிகச் சிறியதாக இருக்கும். மேலே முகவரிப் பட்டை தெரிந்தால் தளமும் அப்பும் ஒருவருடையதுதான் என்று காட்ட உங்கள் தளத்தில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் கோப்பைப் பாருங்கோ. பிளே ஸ்டோர் தன் சாவியால் கையொப்பம் இடுவதால், பிளே கொன்சோலில் (அப்பை வெளியிடுபவர்களுக்கான பக்கம்) உள்ள அந்தச் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகைதான் (சாவியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) அதில் இருக்க வேண்டும். பலர் அப்பை ஏற்றும்போது தாங்கள் கையொப்பம் இடும் அப்லோட் சாவியினுடையதைப் போட்டுவிட்டு முழிப்பார்கள். வட்ஸ்அப்பிலும் ஏபிகே பகிர்வதென்றால் இரண்டையும் போடுங்கோ.

பழைய வகைப் புளூடூத் ரசீது பிரின்டர் வேண்டுமென்றால் கப்பாசிட்டர் எடுங்கோ, வெப் அப்பைப் போனின் வசதிகளோடு இணைத்து அப் ஆக்கும் கருவி அது. அதே வேலைக்கு இருந்த போன்கப் பற்றிய பழைய பாடங்களை விடுங்கோ, அடோபி அதை 2020இல் நிறுத்திவிட்டது.

ஐபோனுக்கு அப் வெளியிட வருடம் 99 டொலர், ஒரு மக் கணினியும் வேணும். வெறும் தளத்தைச் சுற்றிக் கொடுத்தால் அப்பிள் திருப்பியும் விடலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'ஹோம் ஸ்கிரீனில் சேர்' போதும்.

பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டொலர்தான். ஆனால் புதிய தனிநபர் கணக்கென்றால் அப்பை வெளியிடமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். பால் எடுக்கிற ஆக்களின் ஜிமெயில் முகவரிகளை இப்பவே வாங்கி வையுங்கோ.